கரடிப்பாறையின் மாட்டு ஈக்கள்

அடிவாரத்துச் சந்தையிலிருந்து கரடிப்பாறைக்கு ஏறுகிற பாதையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள் இருந்தன, அந்தப் பதினான்கிலும் செவ்வாயும் வெள்ளியும் விடிந்த கையோடு மீன்பெட்டி கட்டிய சைக்கிளை மிதித்து ஏறுகிறவன் சோணைமுத்து ஒருத்தன்தான், அவனை ஏறவிடாமல் பாடாய்ப் படுத்துகிற ஈக்களுக்கு மட்டும் கணக்கே கிடையாது. சமதரையில் மனிதனை ஈ அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, இறக்கத்திலோ சைக்கிளைத் துரத்திப் பிடிக்க அதற்குச் சிறகு போதாது. ஏற்றத்தில்தான், நடக்கிற ஆளைவிட மெதுவாகச் சைக்கிள் நகர்கிற இடத்தில்தான், வேர்வை கொட்டி, இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுக்க முடியாமல், வாயால் மூச்சு வாங்குகிற நேரமாகப் பார்த்து எல்லாம் வந்து சேரும். கண்கொசு முகத்துக்கு முன்னால் கூத்தாடிவிட்டு இமையோரத்தில் உட்கார்ந்து ஈரம் குடிக்கும். வீட்டு ஈ மீன்பெட்டியை மோப்பம் பிடித்து வந்து பிடரியில் குடியேறும். மாட்டு ஈ மட்டும் சத்தம் காட்டாமல் வந்து, கை எட்டாத முதுகுக் குழியாகப் பார்த்து, சட்டையோடு சேர்த்துக் கடிக்கும், கடித்த இடம் புளியங்கொட்டை அளவுக்குத் தடித்துப்போகும்.

சோணைமுத்துவும் சும்மா விட்டுவிடவில்லை. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் நொச்சிக் கொப்பைச் செருகிக் கட்டினான், வேப்பெண்ணெயில் சூடத்தைப் பொடித்துப் போட்டுக் கழுத்திலும் காதுமடலிலும் தடவினான், அந்த வாடை தாங்காமல் அவன் பெண்டாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள், ஈக்களோ ஒரு வாரம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டன. ஈரத்துண்டைத் தலையோடு போர்த்திப் பார்த்தான். உதட்டில் பீடியை வைத்துப் புகையவிட்டுப் பார்த்தான், புகையை ஈயைவிட அதிகமாக அவன்தான் குடித்தான். "இதுக நம்மளை விடாது, நாமளும் மலையை விட முடியாது" என்று கடைசியில் சமாதானம் சொல்லிக்கொண்டு, கடிக்கக் கடிக்க மிதித்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஆனி மாதம், காற்றுக்கூட எழும்பாத ஒரு செவ்வாய்க்கிழமை, பதினான்காம் வளைவு தாண்டி ஊருக்குள் நுழைந்து மூக்கையா டீக்கடை முன்னால் அவன் காலை ஊன்றினான், அவன் முதுகில் சவாரி வந்த மாட்டு ஈ ஒன்று எழுந்து போய் மூக்கையாவின் காதில் கடித்தது. ஆற்றிக்கொண்டிருந்த டீயை மூக்கையா அப்படியே கீழே வைத்தார்.

"வலது முட்டிதான? எத்தனை நாளா இருக்கு?"

"யார்கிட்டயும் சொல்லலையே அண்ணே. எப்பிடித் தெரியும்?"

"தெரியலப்பா. ஈ கடிச்சுச்சு, ஒன் முட்டி எனக்கு வலிச்சுச்சு."

அவ்வளவுதான் நடந்தது. மூக்கையா காலி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "காலைத் தூக்கி இதுமேல வையி" என்று சொல்லிவிட்டு, மறுபடி டீயை ஆற்றப் போனார். அன்று முதல் அந்த டின் அந்த இடத்திலேயே கிடக்கிறது.

அடுத்த வாரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ஏற்றத்தில் ஒருத்தரைக் கடித்த மாட்டு ஈ அடுத்து யாரைக் கடிக்கிறதோ அவருக்கு முதல் ஆளின் மனசில் அந்நேரம் ஓடியது அப்படியே வந்து சேரும் என்று. ஏன் இப்படி என்று கரடிப்பாறையில் யாரும் ரொம்பக் கேட்டுக்கொள்ளவில்லை, காப்பிச் செடிக்குக் களை எடுக்கிற மாதம் அது. அடிவாரத்திலிருந்து சுகாதார ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து முப்பது ஈயைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார், பாட்டிலுக்குள் அவை வெறும் ஈயாகத்தான் இருந்தன என்று பிற்பாடு செய்தி வந்தது. ஸ்கூட்டரிலும் ஜீப்பிலும் ஏறுகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவே இல்லை, வேகமாகப் போகிறவர்களின் நினைப்பு எந்த ஈயிடமும் சிக்குவதில்லை. மூச்சு வாங்க ஏறுகிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

முதல் அடி சோணைமுத்துவின் வியாபாரத்தில் விழுந்தது. பெட்டியைத் திறக்கும் முன்பே, கன்னத்தைச் சொறிந்துகொண்டு பெண்கள் சொன்னார்கள், "மேல இருக்குற கட்லா இன்னைக்கு அணையில பிடிச்சது, அடியில கெடக்குற ஜிலேபிக் கெண்டை ஞாயித்துக்கிழமைது, அதை எடுக்காதீக." அவன் அசடு வழிந்தான். மூன்று வாரம் அப்படி வழிந்துவிட்டு, பழைய மீன் கொண்டு வருவதையே விட்டுவிட்டான், அதன்பிறகு அவன் பெட்டி பத்து மணிக்குள் காலியானது. பள்ளிக்கூடத்து ஜெயராணி டீச்சர் சைக்கிளில் ஏறும்போது மனசை மறைக்கப் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே மிதித்தார், அந்த வருஷம் கரடிப்பாறையில் பள்ளிக்கூடமே போகாத கிழவர்கள்கூடப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். நகரத்திலிருந்து தலைக்கவசமும் இறுக்கமான சட்டையுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறுகிற பையன்கள் சிலர் வருவார்கள். அதில் ஒருத்தன் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே வந்து டீ கேட்டான், மூக்கையா கையில் கடித்த ஈயைத் தட்டிவிட்டு அவனை ஒரு கணம் பார்த்தார், இரண்டு பன்னையும் வெண்ணெயையும் எடுத்து வைத்து, காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

எல்லாமே இப்படி நல்லதாக முடியவில்லை. ஆடி மாதம் ஒரு வீட்டில், புருஷன் மனசில் இருந்த வேறொரு பேர் ஈ வழியாக மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தது, அம்மாள் அதைத் தெருவில் நின்று கத்திவிட்டாள், அரிவாளைத் தூக்குகிற அளவுக்குப் போனது. மறுநாளே ஊர் டீக்கடை முன்னால் கூடியது. நாள் முழுக்கப் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். ஈ கொண்டுவந்து கொடுத்ததை யாரும் வாயால் சொல்லக்கூடாது, கேட்கக்கூடாது, சாடையாகக்கூடக் காட்டக்கூடாது. நினைப்புக்குச் சொந்தக்காரன் தானே வாயைத் திறந்து சொன்னால் மட்டும் அதைப்பற்றிப் பேசலாம். மீறினவர் முகத்தில் வெல்லப்பாகைத் தடவிக்கொண்டு அடிவாரத்திலிருந்து சைக்கிள் மிதித்து ஏறவேண்டும். ஒரே ஒரு ஆள் அந்தத் தண்டனையை அனுபவித்தார், அவர் மூஞ்சி பழையபடி ஆவதற்குப் பத்து நாள் பிடித்தது, அதற்குப்பின் யாரும் மீறவில்லை.

அப்படி ஊரில் பேச்சு குறைந்து போனது, பதிலுக்குச் செய்கை கூடியது. கேட்காமலே ஒரு வீட்டு வாசலில் விறகுக்கட்டு கிடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாயைத் திறக்காத வீட்டுக்கு ரசம் வந்தது. யார் வைத்தது, எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்பதுதானே கட்டுப்பாடு.

இத்தனைக்கும் நடுவில் சோணைமுத்து ஒருத்தன் மட்டும் ஈக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மழை விட்டும் விடாமலும் இருந்த காலையில், நீலக்கதவு வீட்டுச் சிட்டம்மாளின் ஒரே மகன் நவநீதன், இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் ஓடிவந்தான். "மாமா, சைக்கிளைக் குடுங்க, ஒம்பது மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் இன்டர்வியூக்குப் போக முடியும், கீழ சந்தையில விட்டுட்டுப் போறேன்" என்றான். சோணைமுத்து பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினான். அந்தச் சைக்கிளில் முன்பிரேக் எப்போதோ போய்விட்டது, பின்பிரேக் கட்டை தேய்ந்து மழைக்குப் பிடிக்காது, அவன் இறங்கும்போது செருப்பை டயரில் அழுத்தித்தான் இறங்குவான், அதெல்லாம் அவனுக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தான். அதே நேரம் ஒரு பெண் எடையைப்பற்றி ஏதோ சண்டைக்கு வந்தாள், அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பும்போது நவநீதன் முதல் திருப்பத்தைத் தாண்டியிருந்தான். ஒன்பதாம் வளைவில், கீழே பள்ளத்தில், மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். மழைச் சகதியில் வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது, சோணைமுத்துவும் ஆமாம் என்றான்.

நெளிந்த சக்கரத்தை நிமிர்த்தி, இரண்டு பிரேக்கும் புதிதாகப் போட்டு, வேறு சைக்கிளுக்கு வழியில்லாமல் அதே சைக்கிளில்தான் இன்னமும் ஏறினான். நீலக்கதவு வீட்டுக்கு முன்னால் நின்று ரப்பர் ஹாரனை அமுக்குவான், சிட்டம்மாள் ஈயச் சட்டியோடு வருவாள், அரைக்கிலோ கேட்பாள், அவன் நிறுத்துப் போட்டுவிட்டு, தராசை இறக்கினபிறகு, எல்லாவற்றிலும் நல்லதாக ஒரு மீனை எடுத்துச் சட்டியில் கூடப் போடுவான். மூன்று வருஷமாக, ஒரு தடவைகூடத் தவறாமல். அந்த ஒரு மீன் போடுகிற நேரத்தில் மட்டும்தான் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

ஈக்கள் இப்படி ஆனபிறகு அவன் படாத பாடில்லை. பக்கத்துக்கு ஒரு கொப்பு நொச்சி நான்கானது, ஹேண்டில்பார் தெரியாமல் புதராகிப் போனது, பெண்டாட்டியின் பழைய சேலையைக் கிழித்து முகத்தையும் முதுகையும் சுற்றிக்கொண்டான், வேப்பெண்ணெயில் குளித்தான். அதற்கும் மேல் பாதுகாப்பாக, மனசில் வேறு எதுவும் ஓடாமலிருக்க மீன் பேராகச் சொல்லிக்கொண்டே மிதித்தான்: கட்லா, ரோகு, மிர்கால், விரால், கெளுத்தி, ஜிலேபி. அவன் ஊருக்குள் நுழைகிற நாளெல்லாம் ஈ கடித்தவர்களுக்கு மீன் குழம்பு ஆசை வந்தது. ஆனால் ஒன்பதாம் வளைவு வந்தால் மட்டும், அங்கே நவநீதன் விழுந்த இடத்தில் மஞ்சள் பூசி நட்டுவைத்த கல் கண்ணில் பட்டால் மட்டும், எத்தனை தடவை சொன்னாலும் விராலுக்கு அடுத்த பேர் அவனுக்கு ஞாபகம் வராது.

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாம் வளைவில், கொம்பொடிந்த வெள்ளைப் பசு ஒன்று பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. சிட்டம்மாளின் பசு. காலையில் அவிழ்த்துவிட்டால் அது பாதையோடு இறங்கி ஏழாம் வளைவுவரை வந்து மேயும். ஈ மேல்நோக்கித்தான் சுமக்கும் என்பது ஊரின் நம்பிக்கை, ஒன்பது மாதமாக எல்லாரும் ஏறுகிற ஈக்கே பயந்தார்கள், அவிழ்த்துவிடுகிறவரைக் கடித்துவிட்டு மாட்டின் முதுகில் உட்கார்ந்து சாவகாசமாக இறங்கி வருகிற ஈயைப்பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை. பசுவின் திமிலிலிருந்து ஒன்று எழும்பியது. நொச்சியைச் சுற்றிக்கொண்டு வந்து, சேலைத் துணியின் கிழிசல் வழியாக நுழைந்து, சோணைமுத்துவின் தொண்டைக்குழியில் கடித்தது.

ஒரு நீலக்கதவை அவன் உள்பக்கமிருந்து பார்த்தான். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது, அது அவனுடைய ஹாரன். தொண்டைவரை ஒரு வார்த்தை ஏறி வந்தது, கதவு திறந்தது, எதிரே அவனே நின்று இளித்துக்கொண்டு சட்டியில் ஒரு மீனைக் கூடப் போட்டான், ஏறி வந்த வார்த்தையை முள்ளோடு சேர்த்து விழுங்குகிற மாதிரி விழுங்கவேண்டியிருந்தது. அந்த வார்த்தை, 'சொல்லுடா.'

சோணைமுத்து காலை ஊன்றி நின்றுவிட்டான். நின்ற சைக்கிள் ஈக்களுக்குப் பந்தி விரித்த மாதிரி, மொய்த்துவிட்டன, அவன் விரட்டவில்லை. அவளுக்குத் தெரியும். எப்போதிருந்தோ தெரியும். ஒன்பதாம் வளைவில் விராலுக்குப் பிறகு விட்ட இடைவெளியில் எந்த ஈயோ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டது. கொடுத்தது ஈ என்பதால் அவள் பேச முடியாது, திட்ட முடியாது, ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்க முடியாது. வாரம் இரண்டு தடவை அவன் முகத்தைப் பார்த்து அரைக்கிலோ போடு என்று மட்டும் சொல்லலாம். அவள் வாயைத் திறந்துவிட அவன் ஒருத்தனால்தான் ஆகும்.

திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சைக்கிளைத் திருப்பினால் போதும், மிதிக்கக்கூட வேண்டாம், ஏழு வளைவும் தானே இறங்கும், எந்த ஈயும் கூட வராது, மீன் விற்க வேறு ஊரா இல்லை. ஹேண்டில்பாரைப் பாதி திருப்பியும்விட்டான். அப்போதுதான் பிரேக்கில் இருந்த அவன் விரல் அவன் கண்ணில் பட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டதும் இந்த மாதிரி ஒரு சௌகரியத்துக்காகத்தான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. நொச்சிக் கொப்பையெல்லாம் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தான், சேலைத் துணியை அவிழ்த்துப் பெட்டிமேல் போட்டான், மிதித்தான். எட்டாம் வளைவு. ஒன்பது. மஞ்சள் கல்லைத் தாண்டும்போது ஒரு மீனின் பேரையும் அவன் சொல்லவில்லை. கடித்தன, கடிக்கட்டும் என்று ஏறினான், கரடிப்பாறைக்குள் நுழையும்போது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

நீலக்கதவின் முன்னால் ஹாரனை அமுக்கினான். சிட்டம்மாள் சட்டியோடு வந்தாள்.

"அரைக்கிலோ போடு."

"அக்கா, மீனு இருக்கட்டும்" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை, மறுபடி சத்தமாகச் சொன்னான். "அன்னைக்கு நவநீதன் எடுத்துட்டுப் போன சைக்கிள்ல பிரேக் பிடிக்காது. எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

தெரு அப்படியே நின்றது. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையில் சேலையோடு நின்றாள், டீக்கடையில் மூக்கையா தலையைக் குனிந்துகொண்டார், பாதித் தெருவுக்கு இது தெரியும் என்பது சோணைமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை பேரும் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்கள்.

சிட்டம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஐப்பசில இருந்துடா" என்றாள். "ஐப்பசில இருந்து ஒன் மொகத்தைப் பாத்து அரைக்கிலோ, அரைக்கிலோன்னு... நெஞ்சு வெடிச்சுச் செத்துருவேன்னு நெனச்சேன். இன்னைக்குச் சொல்லுவான், வெள்ளிக்கெழமை சொல்லுவான்னு கதவுக்குப் பின்னால நின்னேன். நீ என்னடா செஞ்ச? மீனை எடுத்துப் போட்ட. ஒரு மீனு! எம்பிள்ளைக்கு அதாடா வெலை?"

"அக்கா..."

"வாயைத் தொறக்காத! மூணு வருசம் மூடித்தான வச்சிருந்த! அதை நான் தின்னேன்னு நெனச்சியா? தெரிஞ்ச நாள்ல இருந்து பூனைக்குக்கூடப் போடலடா. கொல்லையில முருங்கைக்கு அடியில பொதைச்சேன். அது சடைசடையாக் காய்ச்சுத் தொங்குது, அதையும் பறிக்க எனக்குக் கை வரலை."

காலால் சட்டியை எத்தினாள். மீன்பெட்டியைக் கவிழ்த்தாள், ஐஸும் மீனும் தெருவில் சிதறின. "ஒன்ன மாமான்னு கூப்பிட்டவன்டா! 'டேய், பிரேக் இல்லடா'ன்னு ஒரு வார்த்தை! நடந்தே எறங்கியிருப்பான் எம்புள்ள, பஸ்ஸை விட்டுட்டு வந்து என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்!"

"ஆமாக்கா" என்றான் சோணைமுத்து. அவள் திட்டினாள், அழுதாள், திட்டினாள், மூக்கையா அடுப்பில் வைத்த பால் சுண்டிப்போகும்வரை திட்டினாள், கரடிப்பாறை ஆள் ஒருத்தர் வாய்விட்டு இவ்வளவு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது, யாரும் போய்த் தடுக்கவில்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

குரல் கம்மிப் போனபிறகு அவள் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தெருவில் கிடந்த மீன்களைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உருண்டு கிடந்த சட்டியை எடுத்து, தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அரைக்கிலோ போடு. அரைக்கிலோன்னா அரைக்கிலோ."

அவன் மீனைப் பொறுக்கிக் கழுவி நிறுத்தான். தராசு நிற்க நேரமாயிற்று, முள் நடுவில் வந்து அசையாமல் நிற்கும்வரை அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் சட்டியை நீட்டினாள். அவன் கை பழக்கத்தில் பெட்டிப்பக்கம் போய், பாதியில் நின்று, வெறுங்கையாகத் திரும்பியது.

சைக்கிளைத் திருப்பி அவன் ஏறப்போகும்போது சிட்டம்மாள் இறங்கி வந்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்தாள். முன்பிரேக்கை அமுக்கிச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தாள், நின்றது. பின்பிரேக்கையும் அமுக்கித் தள்ளிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமை வா" என்றாள். "மழை வர்ற மாதிரி இருக்கு. பிரேக்கைப் பிடிச்சே எறங்கு."

அவன் இறங்கினான். எப்போதும்போல இறக்கத்தில் ஈ ஒன்றுகூடக் கூட வரவில்லை, இமையோரத்து ஈரத்தைக் குடிக்கக் கண்கொசுவும் இல்லை, வழிந்தது வழிந்தபடி கன்னத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. பதினான்கு வளைவும் தாண்டும்வரை அதைத் துடைக்க அவன் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.